டிராப்பிஸ்ட்-1: ஏழு கோள்கள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியல் பேசப் போகும் இடங்களில், பள்ளியோ நூலகமோ மொட்டை மாடியோ, டிராப்பிஸ்ட்-1 என்ற பெயரை எடுத்தால் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்களின் சொற்களை மாற்றாமல் தொகுத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் தெரிந்தவர்கள் நேராக நடுவுக்குப் போகலாம். ஆனால் பின்னால் வரும் பதில்கள் முன்னதை நம்பி நிற்கின்றன.

டிராப்பிஸ்ட்-1 கோளா, நட்சத்திரமா?

நட்சத்திரம். மிகச் சிறிய நட்சத்திரம். அதன் குறுக்களவு சுமார் 1,66,000 கி.மீ., அதாவது நம் வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குள் வியாழனைப் போல 90 மடங்குக்கும் மேல் நிறை அடைந்திருக்கிறது. அதனால்தான் அதன் நடுவில் ஹைட்ரஜன் எரிகிறது, அதை நட்சத்திரம் என்கிறோம். சூரியனின் நிறையில் 9 சதவீதம். இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால் பற்றியே இருக்காது. மேற்பரப்பு வெப்பம் 2,300 டிகிரி செல்சியஸ் அளவில் (சூரியனுக்கு 5,500). இந்த வகைக்குச் சிவப்புக் குள்ளன் என்று பெயர்.

அதைச் சுற்றும் கோள்கள் ஏழு. ஏழும் ஏறக்குறைய பூமி அளவில் உள்ள பாறைக் கோள்கள். இது ஒன்றே அதைப் பிரபலமாக்கப் போதும்.

கோள்களுக்கு ஏன் பி, சி, டின்னு பேரு? ஏ எங்கே போச்சு?

ஏ என்பது நட்சத்திரத்துக்கு ஒதுக்கியது. கோள்கள் பி-யில் தொடங்கும். கண்டுபிடித்த வரிசையில் எழுத்து வைப்பார்கள். ஒரே நேரத்தில் பல கோள்கள் கிடைத்தால் உள்ளிருந்து வெளியே வரிசைப்படுத்துவார்கள். டிராப்பிஸ்ட்-1 விஷயத்தில் பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து தூரம் வரை ஒழுங்காக அமைந்துவிட்டது.

40 ஒளியாண்டுங்கிறாங்க, நம்ம காலத்துல போய்ப் பார்க்க முடியாதா?

முடியாது. ஒளி ஓராண்டில் போகும் தூரம்தான் ஒளியாண்டு. 40.7 ஒளியாண்டு என்றால் சுமார் 385 லட்சம் கோடி கி.மீ. நாம் அனுப்பியதிலேயே தூரமாகப் போன வாயேஜர்-1 நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில், சரியாக அந்தத் திசையில் விட்டால், போய்ச் சேர ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டுகள் ஆகும்.

ஆனால் வானியல் கணக்கில் இது பக்கத்துத் தெருதான். நம் பால்வீதியின் குறுக்களவே ஒரு லட்சம் ஒளியாண்டு. இந்த நெருக்கம் இல்லையென்றால் பின்னால் சொல்லப்போகும் எந்த அளவீடும் சாத்தியமாகியிருக்காது.

நம்ம ஊர்ல இருந்து தெரியுமா? எந்தப் பக்கம் பார்க்கணும்?

இடத்தைக் காட்டலாம், நட்சத்திரத்தைக் காட்ட முடியாது. கும்ப விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. அக்டோபர் இரவுகளில் ஒன்பது மணி வாக்கில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கிட்டத்தட்ட தலைக்கு மேலே வரும். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி மங்கல் நட்சத்திரத்தைவிட இது ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் மங்கல். வீட்டில் வைத்திருக்கும் தொலைநோக்கியிலும் சிக்காது. அதன் ஒளியில் பெரும்பகுதி நம் கண்ணுக்குப் படாத அகச்சிவப்பில் போய்விடுகிறது.

கும்ப ராசி என்றதும் ஒவ்வொரு முறையும் ஒருவராவது ராசிபலன் கேட்கிறார். ஏழு கோள் கூடுதலாகச் சேர்ந்தும் கும்ப ராசிக்காரர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

நட்சத்திரமே தெரியலைன்னா கோள் இருக்குன்னு எப்படிச் சொல்றாங்க?

2012 ஜூன் 6 காலையில் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் புள்ளியாக நகர்ந்ததைப் பலர் கண்ணாடி வைத்துப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கடப்பு என்று பெயர். அதே சங்கதிதான். தூரத்து நட்சத்திரத்தில் அந்தப் புள்ளி தெரியாது, ஆனால் புள்ளி மறைத்த அளவுக்கு வெளிச்சம் குறையும். ஒரே அளவு குறைவு, ஒரே இடைவெளியில், திரும்பத் திரும்ப வந்தால் அங்கே ஒரு கோள் சுற்றுகிறது.

இங்கேதான் நட்சத்திரம் சின்னதாக இருப்பது லாபமாகிறது. பூமி சூரியனைக் கடக்கும்போது மறைப்பது பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு ஒளி. அதே அளவுள்ள கோள் டிராப்பிஸ்ட்-1ஐக் கடந்தால் ஆயிரத்தில் ஆறேழு பங்கு குறைகிறது. இதைத் தரையில் இருக்கும் சின்னத் தொலைநோக்கியே பிடித்துவிடும், பிடித்தும் காட்டியது. முதல் கோளான பி கடந்து முடிக்க 36 நிமிடம். ஒன்றரை நாள் கழித்து மறுபடியும் வரும்.

கோள் சரியா நமக்கு நேரே குறுக்க வரணுமே? வேற கோணத்துல சுத்தினா?

வராது, நமக்குத் தெரியவே தெரியாது. நல்ல கேள்வி இது, ஆனால் அபூர்வமாகத்தான் வரும். நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களில் பெரும்பாலானவை நம் பார்வைக் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ போய்விடுகின்றன. டிராப்பிஸ்ட்-1ன் ஏழு பாதைகளும் ஒரே தட்டையில், நம்மை நோக்கி விளிம்பு காட்டிக்கொண்டு இருப்பது நம் அதிர்ஷ்டம். இதே மாதிரி ஏழெட்டுக் கோள் வைத்துக்கொண்டு சாய்ந்து கிடக்கும் சிவப்புக் குள்ளன்கள் இன்னும் பக்கத்திலேயே இருக்கலாம்.

நாசா போட்ட படத்துல கடல், மேகம், பனி எல்லாம் இருக்கே?

அவை ஓவியங்கள். அளவையும் தூரத்தையும் வைத்து ஓவியர்கள் வரைந்தவை. படத்தின் கீழே சின்ன எழுத்தில் அப்படித்தான் போட்டிருப்பார்கள். அடுத்த ஆள் பகிரும்போது அந்த வரி காணாமல் போய்விடும். டிராப்பிஸ்ட்-1ன் எந்தக் கோளையும் யாரும் இதுவரை படம் எடுக்கவில்லை. நம்மிடம் இருப்பது நேரத்துக்கு எதிராக ஒளியின் அளவைக் குறித்த கோடுகள்தான். அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு கறக்க முடிந்தது என்பது அந்த ஓவியங்களைவிட எனக்கு வியப்பாக இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

இதைக் கண்டுபிடிச்சது நாசா தானே?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பெல்ஜியம் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் ஜில்லோன் தலைமையிலான குழு, சிலி நாட்டின் லா சில்லாவில் வைத்திருந்த வெறும் 60 செ.மீ. தொலைநோக்கியால் 2015இல் இந்த நட்சத்திரத்தைக் கவனிக்கத் தொடங்கியது. அந்தத் தொலைநோக்கியின் பெயர்தான் டிராப்பிஸ்ட், நட்சத்திரத்துக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் பெரும்பாலோர் சூரியனைப் போன்ற நட்சத்திரங்களையே துருவிக்கொண்டிருக்க, இவ்வளவு மங்கலானவற்றைக் குறிவைத்ததுதான் இவர்களின் துணிச்சல். 2016 மே மாதம் மூன்று கோள்கள் என்று அறிவித்தார்கள்.

அந்த முதல் ஆய்வில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. லடாக்கின் ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியும் இந்த நட்சத்திரத்தைப் பார்த்தது. அதை இயக்குவது பெங்களூருவின் இந்திய வானியற்பியல் நிறுவனம். செய்திகளில் இது ஏனோ அடிபடவே இல்லை.

நாசா வருவது அடுத்த கட்டத்தில். 2016 இலையுதிர் காலத்தில் அதன் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி மூன்று வாரம் போல ஏறக்குறைய இடைவிடாமல் இந்த ஒரே நட்சத்திரத்தைப் பார்த்தது. முதலில் மூன்றாவது கோள் என்று எண்ணியது உண்மையில் பல கோள்களின் கடப்புகள் கலந்தது என்று அப்போது தெரிந்தது. 2017 பிப்ரவரி 22 அன்று மூன்று ஏழானது.

குறுக்க போறப்ப நிழல் எவ்வளவு பெருசுன்னு தெரியும், சரி. எடை எப்படித் தெரியும்?

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. ஏழு கோள்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருப்பதால் ஒன்றை ஒன்று ஈர்த்துக்கொண்டே இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு கடப்பும் கடிகாரம் தவறாமல் வருவதில்லை. சில நிமிடம் முன்னே, சில நிமிடம் பின்னே, வெளிக் கோள்களில் அதற்கும் மேலே. பக்கத்துக் கோள் எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்தது அந்த முன்பின். நூற்றுக்கணக்கான கடப்புகளின் நேரத்தைக் குறித்து வைத்து, எந்த எடைகளைப் போட்டால் இந்த நேரங்கள் பொருந்தும் என்று தலைகீழாகக் கணக்குப் போட்டார்கள். 2021இல் வெளிவந்த கணக்கின்படி இ கோள் பூமியின் நிறையில் 0.69 பங்கு, எஃப் 1.04, பி 1.37. சில சதவீதப் பிழைக்குள். 40 ஒளியாண்டுக்கு அப்பால், கண்ணால் காணாத ஒன்றின் எடை!

இன்னொன்றும் உண்டு. எச் கோள் இரண்டு சுற்று வருவதற்குள் ஜி மூன்று சுற்று, எஃப் நான்கு, இ ஆறு, டி ஒன்பது, சி பதினைந்து, பி இருபத்து நான்கு. துல்லியமாக அல்ல, கிட்டத்தட்ட. இப்படிச் சங்கிலியாகக் கோர்த்துக்கொண்டு ஓடுவதால்தான் இவ்வளவு நெருக்கத்திலும் மோதிச் சிதறாமல் பல நூறு கோடி ஆண்டுகளாக நிற்கின்றன. 2017இல் ஏழு கோள் என்று அறிவித்தபோது எச் கோளின் ஒரே ஒரு கடப்புதான் கிடைத்திருந்தது. அதன் ஆண்டு எத்தனை நாள் என்று தெரியாது. சங்கிலி ஒழுங்கை வைத்து வரக்கூடிய சில எண்களைக் கணித்தார்கள். பிறகு கெப்ளர் தொலைநோக்கி 79 நாள் பார்த்த தரவில் தேடினால், கணித்தவற்றில் ஒன்றான 18.77 நாள் அப்படியே இருந்தது.

எடை தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

அளவும் எடையும் தெரிந்தால் அடர்த்தி வரும், அடர்த்தி தெரிந்தால் எதனால் ஆனது என்று ஊகிக்கலாம். ஏழும் ஒரே மாதிரிச் சரக்கால் ஆனவை போலத் தெரிகிறது. பூமியின் கலவையில் செய்திருந்தால் இருக்க வேண்டியதைவிட சுமார் 8 சதவீதம் அடர்த்தி குறைவு. இரும்பு குறைவாக இருக்கலாம், அல்லது இரும்பு நடுவில் போய்த் தங்காமல் ஆக்சிஜனோடு சேர்ந்து பாறை முழுக்கப் பரவியிருக்கலாம். வெளிக் கோள்களில் தண்ணீரும் ஒரு காரணமாக இருக்கலாம். வெறும் அடர்த்தியை வைத்து இவற்றுள் எது என்று பிரிக்க முடியாது. ‘பூமியைவிட 250 மடங்கு தண்ணீர்’ என்ற தலைப்பு ஒரு காலத்தில் ஓடியது. அது பழைய எடைக் கணக்கை வைத்துச் சொன்ன உச்சபட்ச ஊகம்.

ஒரு வருஷமே ஒன்றரை நாள்னா அவ்வளவு பக்கத்துல எரிஞ்சு போகாதா?

நம் புதன் சூரியனிலிருந்து 5.8 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது. இங்கே கடைசிக் கோளான எச் கூட 93 லட்சம் கி.மீ.க்குள். ஏழையும் சேர்த்துப் புதனின் பாதைக்குள் போட்டாலும் இடம் மிஞ்சும். ஆனால் நட்சத்திரம் சூரியனில் ஏறக்குறைய 1,800இல் ஒரு பங்கு ஆற்றலைத்தான் தருகிறது. அதனால் நெருங்கி இருந்தால்தான் கொஞ்சமாவது சூடு கிடைக்கும்.

பி-க்குப் பூமி பெறுவதில் நான்கு மடங்கு, சி-க்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். டி பூமியைவிடக் கொஞ்சம் அதிகம். இ மூன்றில் இரண்டு பங்கு. எஃப் கிட்டத்தட்டச் செவ்வாய் பெறும் அளவு. எச்-சுக்கு ஏழில் ஒரு பங்கு, உறைந்துதான் கிடக்கும்.

அங்கே பகல் ராத்திரி உண்டா?

பொழுது விடிந்து அடைவது அநேகமாக இல்லை. இவ்வளவு நெருக்கத்தில் நட்சத்திரத்தின் ஈர்ப்பு கோளின் தற்சுழற்சியை இழுத்து நிறுத்தி, நிலா நமக்கு ஒரே முகம் காட்டுவதுபோல ஆக்கிவிடும். நேரில் அளந்து உறுதி செய்ததல்ல, ஆனால் இயற்பியல் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஒரு பாதியில் எப்போதும் பகல், மறுபாதியில் எப்போதும் இரவு. காற்று இருந்தால் சூட்டை இரவுப் பக்கத்துக்கும் கொண்டுபோகும். இந்த வரியை நினைவில் வையுங்கள், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பற்றிய பதிலில் தேவைப்படும்.

இ கோளின் பகல் பக்கத்தில் நின்றால் நட்சத்திரம் நமக்குச் சூரியன் தெரிவதைப் போல நான்கு மடங்கு அகலமாக, ஆனால் மங்கிய செம்மஞ்சளாகத் தெரியும். பக்கத்துக் கோள்கள் நெருங்கி வரும்போது பத்துப் பதினான்கு லட்சம் கி.மீ.தான், அதனால் ஏறக்குறைய நம் முழுநிலா அளவில் தெரியும். அந்த ஓவியங்களில் வானத்தில் உருண்டையாக நிற்கும் கோள்கள் மட்டும் மிகை இல்லை.

‘வாழத்தகு மண்டலத்தில் மூன்று கோள்கள்’னு படிச்சேன். அப்ப உயிர் இருக்கா?

வாழத்தகு மண்டலம் என்ற பெயரே ஆசை காட்டி ஏமாற்றுகிறது. அதன் பொருள் இவ்வளவுதான்: ஏற்ற காற்று மண்டலம் இருந்தால், தரையில் தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய தூரம். இ, எஃப், ஜி மூன்றும் அந்தத் தூரத்தில் இருக்கின்றன. காற்று இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று அந்தப் பெயர் சொல்லாது. நம் நிலாவும் சூரியனின் வாழத்தகு மண்டலத்துக்குள்தான் இருக்கிறது.

ஜேம்ஸ் வெப் பார்த்து ‘காற்று இல்லை’ன்னு சொல்லிடுச்சே?

உள் கோள்களுக்குச் சொன்னது. கோள் நட்சத்திரத்துக்குப் பின்னால் மறையும்போது மொத்த அகச்சிவப்பு ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், அந்தக் குறைவுதான் கோளின் பகல் பக்கம் வெளியிட்ட வெப்பம். 2023 மார்ச்சில் பி-யின் பகல் பக்கம் சுமார் 230 டிகிரி செல்சியஸ் என்று வந்தது. காற்று இருந்து சூட்டை மறுபக்கம் கடத்தியிருந்தால் ஏறக்குறைய 100 டிகிரி குறைந்திருக்க வேண்டும். வெறும் பாறைக்குப் பொருந்தும் எண் இது. அதே ஆண்டு ஜூனில் சி-க்கு சுமார் 107 டிகிரி. வெள்ளியைப் போன்ற அடர்ந்த கரியமில வாயு அங்கே இருக்க வாய்ப்பில்லை. 2025இல் டி-யிலும் பூமியைப் போன்ற காற்றின் தடயம் கிடைக்கவில்லை.

ஆனால் 2024 இறுதியில் பி-யை வேறொரு அலைநீளத்தில் பார்த்தபோது, புகைமூட்டம் நிறைந்த ஒரு காற்று மண்டலத்துக்கும் அந்த எண்களைப் பொருத்த முடிந்தது. பாறைதான் என்ற பக்கமே எனக்கும் சாய்வு. இருந்தாலும் கதவு முழுக்க மூடவில்லை.

இ கோள்ல மீத்தேன் கிடைச்சதாமே?

2025 செப்டம்பரில் வந்த செய்தி. கோள் கடக்கும்போது நட்சத்திர ஒளியில் கொஞ்சம் அதன் காற்றை ஊடுருவி வரும், எந்த வாயு எந்த நிறத்தை உறிஞ்சியது என்று பார்க்கலாம். நான்கு கடப்புகளின் தரவு வெளியானது. ஆரம்பத்தில் ஒட்டிய ஹைட்ரஜன் போர்வை இப்போது இல்லை என்பது உறுதி. வெள்ளி, செவ்வாய் போல முழுக்கக் கரியமில வாயுவாக இருக்கவும் வாய்ப்பு குறைவு. மிச்சம் இருப்பவை: நைட்ரஜன் மிகுந்து, கொஞ்சம் மீத்தேன் கலந்த காற்று, அல்லது காற்றே இல்லாத பாறை. இரண்டுமே அந்தத் தரவுக்குப் பொருந்துகின்றன. ஆகவே ‘கிடைத்தது’ என்று சொல்லக் கூடாது.

சிக்கல் நட்சத்திரத்தில் இருக்கிறது. அதன் மேல் கரும்புள்ளிகளும் வெண்திட்டுகளும் உண்டு, அடிக்கடி சுடர் வெடிப்புகளும் வரும். இவ்வளவு குளிர்ந்த நட்சத்திரத்தில் மூலக்கூறுகளே உருவாகும். அவை விட்ட தடத்தைக் கோளின் காற்று என்று எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டிருக்கிறார்கள். பி-யும் இ-யும் அடுத்தடுத்துக் கடக்கும் நேரங்களாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறார்கள். பி வெறும் பாறை என்று வைத்துக்கொண்டால், அதில் தெரியும் எல்லாத் தடமும் நட்சத்திரத்துடையது. அதை இ-யின் தரவிலிருந்து கழித்துவிடலாம். முந்தின பதிலில் சொன்ன பி-யின் சந்தேகம் ஏன் முக்கியம் என்று இப்போது புரியும்.

நட்சத்திரத்துக்கு வயசு அதிகமாமே? அப்ப உயிர் வளர நிறைய நேரம் இருந்திருக்குமே?

வயது சுமார் 760 கோடி ஆண்டுகள், சூரியனைவிட மூத்தது. இன்னும் பல லட்சம் கோடி ஆண்டுகள் எரியும். நேரத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் சிவப்புக் குள்ளன்கள் இளமையில் இப்போதைவிடப் பல மடங்கு பிரகாசமாக இருந்து, பல கோடி ஆண்டுகளில் மெல்லத்தான் அடங்குகின்றன. இப்போது இதமான இடத்தில் இருக்கும் கோள்கள் அப்போது கொதித்திருக்கும். தண்ணீர் ஆவியாகி, புற ஊதாக் கதிரால் உடைந்து, ஹைட்ரஜன் தப்பி ஓடியிருக்கும். அதற்குப் பிறகும் எரிமலைகள் வழியாகவோ வால்வெள்ளிகள் மூலமாகவோ காற்றும் நீரும் திரும்பச் சேர்ந்தனவா என்பதுதான் கேள்வி. தூரத்தில் இருக்கும் எஃப், ஜி, எச் மூன்றும் இழந்தது குறைவாக இருக்கும், அதனால் இ-யில் ஒன்றும் இல்லாமல் போனாலும் கதை முடிந்துவிடாது.

அங்கிருந்து யாராவது பார்த்தா நாம தெரிவோமா?

சூரியன் தெரியும். அவர்கள் வானில் அது சிம்ம விண்மீன் கூட்டத்தில், நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு மட்டுமட்டாகப் படும் ஒரு நட்சத்திரம். கும்பத்துக்கு நேர் எதிரே ஏழாம் வீடு சிம்மம், பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

பூமியைக் கடப்பு முறையில் கண்டுபிடிக்க முடியுமா என்றால், இன்றைக்கு முடியாது. அங்கிருந்து பார்க்க, பூமி சூரியனுக்குச் சற்று மேலேயோ கீழேயோ போய்விடும். ஆனால் நட்சத்திரங்கள் நகர்கின்றன. இன்னும் சுமார் 1,600 ஆண்டுகளில் டிராப்பிஸ்ட்-1 சரியான கோட்டுக்கு வந்துவிடும், அப்புறம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருக்கும்.

வானொலி சமிக்ஞை ஏதாவது வந்திருக்கா?

கலிஃபோர்னியாவின் ஆலன் தொலைநோக்கி வரிசையைக் கொண்டு 28 மணி நேரம் கேட்டுப் பார்த்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கோள் இன்னொன்றுக்கு முன்னால் நம் பார்வைக் கோட்டில் வரும் நேரங்களைக் குறிப்பாகக் கவனித்தார்கள். கோளுக்குக் கோள் யாராவது பேசினால் அந்தக் கற்றை கசிந்து நம் பக்கம் வர அப்போதுதான் வாய்ப்பு. எதுவும் கிடைக்கவில்லை. மிகப் பலமான ஒலிபரப்பைத்தான் அந்தத் தேடல் பிடித்திருக்கும், மெதுவாகப் பேசுபவர்களை இந்தக் கருவியால் கேட்க முடியாது.